மாசம் 50 ஸ்ட்ரிப்தான்: சுகர் எப்போ எப்போ குத்திப் பார்க்கணும்?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு வயசு 63. சுகர் வந்து 11 வருஷம், ஊசி கிடையாது. கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2 மூணும் சேர்ந்த மாத்திரை காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

தினமும் எழுந்ததும் வெறும் வயித்துல ஒரு தடவை குத்திப் பார்த்து நோட்டுல எழுதுறோம். போன மாசம் பூரா 112க்கும் 134க்கும் நடுவுலதான். ஆனா லேப்ல எடுத்த மூணு மாச சராசரி, அதான் எச்பிஏ1சி, 8.4ன்னு வந்திருக்கு. மிஷினை நம்புறதா, லேப்பை நம்புறதா?

கூடவே சொல்ல வேண்டியது: ஹீமோகுளோபின் 9.2, கிரியாட்டினின் 1.0. காலை 8 மணிக்கு டிபன், பெரும்பாலும் இட்லி தோசை. மதியச் சாப்பாடு 1.30, சில நாள் 2 ஆகிடும். வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் 12 மணி வாக்குல வேர்க்குது, கை நடுங்குதுன்னு சொல்றாங்க. ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டா தெளிஞ்சிடுது. அந்த நேரத்துல குத்திப் பார்த்தது இல்லை.

50 ஸ்ட்ரிப் டப்பா மாசம் ஒண்ணுதான் கட்டுபடியாகும். எத்தனை தடவை, எந்தெந்த நேரத்துல பார்த்தா பிரயோஜனம்?

மருதாணி (நீரிழிவுப் பிரிவு செவிலியர்):

மாசம் 30 ஸ்ட்ரிப்பையும் ஒரே கேள்விக்குச் செலவு பண்ணியிருக்கீங்க. காலை வெறும் வயிற்று அளவு சொல்றது, ராத்திரி முழுக்க கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை ரத்தத்துல விட்டுச்சுங்கிறதை மட்டும்தான். இட்லிக்கு அப்புறம் என்ன ஆச்சு, 12 மணிக்கு என்ன ஆச்சு, ராத்திரி தோசைக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு அது சொல்லாது.

எச்பிஏ1சியை சராசரி சுகரா மாத்த ஒரு கணக்கு இருக்கு: 28.7ஆல பெருக்கி 46.7ஐக் கழிக்கணும். 7ன்னா 154, 8ன்னா 183, உங்க 8.4க்கு சுமார் 194. காலையில 125, சராசரி 194ன்னா பகல்ல எங்கேயோ 200ஐத் தாண்டுது. இது ரெண்டு எண்ணும் சரியா இருந்தாத்தான். ஹீமோகுளோபின் 9.2 இருக்கிறதால அதுலயே ஒரு சிக்கல் இருக்கு, அதை லேப்காரங்க யாராவது விளக்கினா நல்லது.

இந்த 50ஐ ஜோடி ஜோடியாப் பிரிச்சுக்கோங்க. ஒரு சாப்பாட்டை எடுத்து, அதுக்கு முன்னாடி ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு. இந்த ரெண்டு மணி நேரத்தை முதல் வாய் எடுத்ததிலிருந்து எண்ணணும். கை கழுவினதிலிருந்து எண்ணுறவங்கதான் அதிகம், அதுல அரை மணி நேரம் தப்பிடும். திங்கள் காலை டிபன், புதன் மதியச் சாப்பாடு, சனி ராத்திரின்னு வெச்சுக்கிட்டா வாரத்துக்கு 6, மாசத்துக்கு 26 ஆகும். திங்கள் டிபனுக்கு முன்னாடி பார்க்கிறதே உங்க வெறும் வயிற்று அளவு, அதைத் தனியாப் பார்க்க வேண்டாம். அடுத்த வாரம் சாப்பாட்டை மாத்திப் போடுங்க, இல்லேன்னா திங்கள்னாலே ரெண்டு இட்லியோட நிறுத்திக்கிற பழக்கம் வந்திடும். இது சோதனை நாள்னு தெரிஞ்சு சாப்பிட்டா அந்த எண் யாருக்கும் உதவாது.

பொதுவான இலக்கு: சாப்பாட்டுக்கு முன்னாடி 80லிருந்து 130, அப்புறம் 180க்குக் கீழே. ஜோடிக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தையும் எழுதுங்க. 50க்குள்ள ஏறினா அந்தச் சாப்பாடு பரவாயில்லை. 80, 100ன்னு ஏறினா அளவையும் கூட என்ன தொட்டுக்கிறாங்கங்கிறதையும் பார்க்கணும். நோட்டுல "இட்லி 4, சாம்பார், காலை 8.05"னு பக்கத்துலயே இருக்கணும். வெறும் எண்ணை வெச்சு டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாது.

மீதி 24 ஸ்ட்ரிப் கையிருப்பு. அதுல முதல் செலவு அந்த 12 மணி நடுக்கத்துக்கு. கிளிமிபிரைடு சாப்பாட்டைக் கேட்காம இன்சுலினைச் சுரக்க வைக்கும். 8 மணி டிபன் கரைஞ்சு போய், மதியச் சாப்பாடு 2 மணிக்குத் தள்ளிப் போனா நடுவுல சுகர் இறங்க எல்லா வாய்ப்பும் இருக்கு. 70க்குக் கீழே போனா லோ, 54க்குக் கீழே ஆபத்தான லோ. இதை ஒரு தடவையாவது எண்ணாப் பிடிச்சாத்தான் டாக்டர் மாத்திரையைத் திருத்துவார். மிஷின் வேற அறையில இருந்தா தேடிக்கிட்டு நிக்காதீங்க, முதல்ல சர்க்கரை கொடுங்க. இன்னொண்ணு, ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை போட்டா நடுக்கமும் படபடப்பும் தெரியாமப் போயிடும். வேர்வை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும்.

ஆய்வகத்தான்:

அழைத்ததால் வந்தேன். இங்கே மிஷினும் லேப்பும் இரண்டுமே கொஞ்சம் கூடுதலாகக் காட்ட இடமிருக்கிறது. காரணம் ஒன்றே, ரத்தசோகை.

முதலில் எச்பிஏ1சி. அது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகையில், சர்க்கரை ஏறாமலே இந்த எண் உயர்ந்து நிற்கும். இரும்பு மாத்திரை தொடங்கியதும் புது சிவப்பணுக்கள் வரும். சர்க்கரை ஒட்ட அவற்றுக்கு நாள் போதாது, எண் தானாக இறங்கும். சாப்பாட்டை ஒன்றும் மாற்றாமலே 8.4 எட்டுக்குக் கீழே வந்து, "நல்ல முன்னேற்றம்" என்று பாராட்டு கிடைப்பதும் உண்டு. ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றுதல், சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய்கள் இவற்றில் நேர் எதிராக, எண் குறைவாக வரும். ஆகவே ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து ரத்தசோகை எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் 8.4ஐ மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டுவது சரியாக இருக்காது. இடைக்காலத்துக்கு ஃப்ரக்டோசமைன் என்று ஒரு பரிசோதனை உண்டு. கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சொல்லும், சிவப்பணுவோடு அதற்குச் சம்பந்தமில்லை.

அடுத்து மிஷின். ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள். ஹெமட்டோக்ரிட் வரம்பு என்று போட்டிருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதே ஹெமட்டோக்ரிட். சிலவற்றில் 20 முதல் 60, சிலவற்றில் 30 முதல் 55. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹெமட்டோக்ரிட் தோராயமாகக் கிடைக்கும். உங்கள் அம்மாவுக்கு 27 அல்லது 28. வரம்பு 30இல் தொடங்கும் ஸ்ட்ரிப் என்றால் அவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. ரத்தம் நீர்த்திருந்தால் மிஷின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். காலை 115 என்பது உண்மையில் 100 ஆக இருக்கலாம், அதில் கவலையில்லை. 12 மணிக்கு 76 என்று காட்டினால்தான் கவலை, உண்மை அளவு 70க்குக் கீழே இருக்கக்கூடும்.

நல்ல மிஷினுக்கே வழு வரம்பு உண்டு. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற 2013ஆம் ஆண்டுத் தரநிலைப்படி, லேப் அளவு 100க்கு மேல் இருந்தால் 100இல் 95 சோதனைகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் வர வேண்டும். 100க்குக் கீழே என்றால் 15 எண்ணுக்குள். மிஷினில் 130 என்றால் லேப்பில் 113இலிருந்து 153 வரை எதுவும் இருக்கலாம். 118க்கும் 127க்கும் நடுவே வித்தியாசம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் மிஷினை லேப்புக்கே கொண்டுபோய், வெறும் வயிற்றில், நரம்பில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பின் ஒப்பிடாதீர்கள். அப்போது விரல் ரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும். லேப் குழாயிலிருந்து ஒரு சொட்டை ஸ்ட்ரிப்பில் விடச் சொல்வோரும் உண்டு, அதில் உள்ள பதப்படுத்தி மருந்து கணக்கைக் கெடுக்கும். லேப் மீதும் ஒரு கண் வையுங்கள். பதப்படுத்தி இல்லாத குழாயில் ரத்தம் பிரிக்கப்படாமல் கிடந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையை அணுக்களே தின்றுவிடும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, இன்னும் நாலு தெரு சுற்றிவிட்டுப் போகிற பையன் கொண்டுசெல்லும் குழாய் எது என்று கேட்பதில் தவறில்லை.

மாத்திரைக்கடை:

மருதாணி மேடம் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். அம்மா மாத்திரையில வோக்லிபோஸ் இருக்கு. அது குடல்ல சர்க்கரையை உடைக்கிற நொதியைத் தடுக்கும். அதனால லோ ஆகும்போது வீட்டுச் சர்க்கரையோ பிஸ்கட்டோ கொடுத்தா ஏறத் தாமதமாகும். குளுக்கோஸ் பவுடர்தான் சரி, அதை உடைக்க வேண்டிய வேலையே இல்லை. டப்பாவுல போட்டிருக்கிறதைப் பார்த்து 15 கிராம் வர்ற மாதிரி, சுமார் தலை தட்டின மூணு டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணியில கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பக் குத்திப் பாருங்க. 70ஐத் தாண்டலேன்னா இன்னொரு 15 கிராம். சாக்லேட், பால் இனிப்பு வேண்டாம், கொழுப்பு இருக்கிறதால மெதுவாத்தான் ஏறும். மயக்கமா இருக்கிறவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

அந்த ரெண்டாவது சோதனைக்கு முன்னாடி கை கழுவியே ஆகணும். குளுக்கோஸ் கலக்கின விரல்ல குத்தினா 60 இருக்கிறவங்களுக்கு 210 காட்டும். மாம்பழம், வாழைப்பழம் உரிச்ச கையும் அப்படித்தான். ஸ்பிரிட் பஞ்சால துடைச்சா பழச்சாறு முழுசாப் போகாது, சோப்பும் தண்ணியும்தான் சரி. ஸ்பிரிட் போட்டா ஈரம் காயுற வரைக்கும் பொறுக்கணும்.

குத்தற இடம் விரல் நுனியோட பக்கவாட்டு. நடுவுல குத்தினா வலியும் அதிகம், அடுத்த நாள் பூ கட்டவும் முடியாது. கையைக் கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி நீவி விட்டா ரத்தம் வரும். நுனியைப் பிடிச்சு அழுத்திப் பிழிஞ்சா ரத்தத்தோட திசு நீரும் கலக்கும். சொட்டு பத்தலைன்னு மேல இன்னொரு சொட்டு விடறது பெரும்பாலான ஸ்ட்ரிப்ல செல்லாது, அது போனது போனதுதான். 50ல அஞ்சாறு இப்படி வீணாகுது, அதனால முதல்லயே நல்ல சொட்டு வந்தப்புறம் தொடுங்க. ஊசியை வீட்டுல ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பயன்படுத்தாதீங்க, பேனா மாதிரி இருக்கிற அந்தக் குத்தற கருவியையும்தான். மஞ்சள் காமாலையைத் தர்ற ஹெபடைட்டிஸ் பி கிருமி அப்படிப் பரவும்.

ஸ்ட்ரிப்பை ஃபிரிட்ஜுல வைக்கவே வைக்காதீங்க. வெளியில எடுத்ததும் டப்பாவுக்குள்ள ஈரம் வேர்க்கும், ஸ்ட்ரிப்ல இருக்கிற நொதி கெட்டுப் போகும். 30 டிகிரிக்குள்ள, அதோட சொந்த டப்பாவுலயே, எடுத்ததும் மூடி. சித்திரை வெயில்ல வண்டி டிக்கியில கிடந்த டப்பாவை நம்பாதீங்க. திறந்த தேதியை மூடியில எழுதுங்க. சில கம்பெனிக்கு 3 மாசம், சிலதுக்கு 6 மாசம், தாள்ல போட்டிருக்கும். மாசம் பத்து ஸ்ட்ரிப் மட்டும் பயன்படுத்துறவங்க 100 ஸ்ட்ரிப் இருக்கிற டப்பா மலிவுன்னு வாங்கினா பாதி காலாவதி ஆகிடும்.

கொள்ளிடம்:

நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்கு 30/70 கலவை இன்சுலின், காலை 18, ராத்திரி 12 யூனிட். அவருக்கும் இந்த ஜோடிக் கணக்கு போதுமா? காலை வெறும் வயித்துல 210, 220ன்னு நிக்குது. ராத்திரி ஊசியை 14 ஆக்கலாமான்னு யோசிக்கிறோம்.

மருதாணி:

ஆக்காதீங்க, விடியக்காலை 3 மணிக்கு ஒரு தடவை பார்க்கிற வரைக்கும்.

இன்சுலின் போடுறவங்களுக்குக் கணக்கே வேற. கலவை ஊசி ரெண்டு வேளைன்னா தினமும் குறைஞ்சது ரெண்டு: டிபனுக்கு முன்னாடி ஒண்ணு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. டிபனுக்கு முன்னாடி இருக்கிற எண் முந்தின ராத்திரி ஊசியோட மார்க். ராத்திரிக்கு முன்னாடி இருக்கிற எண் அன்னிக்குக் காலை ஊசியோட மார்க். இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு, காலையில 220 இருக்குன்னு காலை ஊசியைக் கூட்டிட்டு மதியம் லோவுல வர்றவங்க நிறைய.

உங்க 220க்கு வருவோம். கலவையில 70 பங்கு நடுத்தர நேரம் வேலை செய்யற என்.பி.எச். இன்சுலின். அது போட்ட 4லிருந்து 10 மணி நேரத்துக்குள்ள உச்சத்துல இருக்கும். ராத்திரி 8 மணிக்குப் போட்டா நடு ராத்திரியிலிருந்து விடியக்காலை வரைக்கும். 3 மணிக்கு 190, 200ன்னு இருந்தா ஊசி பத்தலை, இல்லேன்னா ராத்திரிச் சாப்பாடு அதிகம். 3 மணிக்கு 130 இருந்து 6 மணிக்கு 210 ஆனா விடியல்ல சுரக்கிற ஹார்மோன்கள் ஏத்துது. 3 மணிக்கே 60ன்னு இறங்கிட்டு காலையில திரும்ப ஏறியிருந்தா, 14 யூனிட் போட்ட அன்னிக்கு அவர் எழுந்திருக்காமலே போகலாம். காலை எண் மூணுலயும் ஒண்ணுதான், செய்ய வேண்டியது மூணு விதம். ரெண்டு மூணு ராத்திரி அலாரம் வெச்சுப் பாருங்க, அப்புறம் டாக்டர்கிட்ட யூனிட் பத்திப் பேசுங்க. ஊசி போட்ட இடம் கட்டி தட்டியிருக்கா, சாதாரண கலவைன்னா சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடுறாங்களா, குப்பியை உள்ளங்கையில உருட்டிக் கலக்குறாங்களான்னும் பாருங்க. அடியில தங்கின மருந்தைக் கலக்காம இழுத்தா 12 யூனிட்ங்கிறது 12 யூனிட்டே இல்லை.

ராத்திரி மட்டும் கிளார்ஜின் (நாள் முழுக்க வேலை செய்யற இன்சுலின்) போடுறவங்களுக்கு அளவு சரிப்படுற வரைக்கும் தினமும் வெறும் வயிற்று அளவு வேணும், அதை வெச்சுத்தான் யூனிட் ஏறும். சரிப்பட்ட பிறகு வாரத்துக்கு ரெண்டு மூணு போதும். உடம்புல இன்சுலினே சுரக்காத டைப் 1 பிள்ளைங்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாடியும், படுக்கும் முன்னாடியும், விளையாடப் போகும் முன்னாடியும். அதுல சிக்கனம் பார்க்கக் கூடாது. கர்ப்பகாலச் சுகருக்கு வெறும் வயித்துலயும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் தினமும் நாலு. இலக்கும் இறுக்கம்: வெறும் வயித்துல 95க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துலன்னா 140க்குக் கீழே, ரெண்டு மணி நேரத்துலன்னா 120க்குக் கீழே.

மெட்ஃபார்மின் மட்டும் போட்டு எச்பிஏ1சி இலக்குக்குள்ள இருக்கிறவங்க தினமும் குத்த வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாத்திரை தனியா லோ பண்றது அபூர்வம். 2021 ஆகஸ்ட்லேருந்து நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாத்திரை வாங்குறவங்க பல பேர் வீட்டுல மிஷினே இல்லை. இந்த வகையில இருக்கிறவங்களுக்கு அது பெரிய குறை இல்லை. கிளிமிபிரைடோ ஊசியோ இருந்தா மட்டும் மிஷின் கட்டாயம்.

மாத்திரைக்கடை:

எல்லாக் கணக்கையும் மீறுற சமயங்கள் உண்டு. காய்ச்சல், வாந்தி, பேதின்னா 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்ங்கிற சுகர் மாத்திரை போடுறவங்க வாந்தி வந்து சாப்பிட முடியலேன்னா உடனே டாக்டரைக் கேட்டு அதை நிறுத்தணும். அதுல சுகர் 200க்குள்ள இருந்தாலே கீட்டோன் (கொழுப்பு எரியும்போது வர்ற அமிலம்) ஏறி ரத்தம் அமிலமாகலாம். மிஷின் நல்ல எண் காட்டுதேன்னு வீட்டுல இருந்துடக் கூடாது.

மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பிரட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை காலையில போட்டா சுகர் மதியத்துக்கு மேல, சாயங்காலம் ஏறும், விடியல்ல இறங்கிடும். அப்போ வெறும் வயிற்று அளவு ஏமாத்தும், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் ராத்திரிக்கு முன்னாடியும் பாருங்க. நோன்பு வைக்கிறவங்களுக்கு: விரல்ல குத்திப் பார்க்கிறதால நோன்பு முறியாது. 70க்குக் கீழேயோ 300க்கு மேலேயோ போனா நோன்பைத் திறந்துடணும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஸ்ட்ரிப் தாளைப் பார்த்தோம், வரம்பு 20லிருந்து தொடங்குது. முதல் வாரக் கணக்கு: திங்கள் இட்லி 4, 118லிருந்து 221. புதன் மதியம் சாதம், கீரை, மோர், 98லிருந்து 156. சனி ராத்திரி 9 மணிக்கு தோசை 3, 142லிருந்து 238. வியாழன் 12.10க்கு வேர்த்தப்போ 66, அன்னிக்கு டிபன் இட்லி 2 மட்டும். குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிஷத்துல 94. கிளிமிபிரைடைப் பாதியாக் குறைச்சிடலாமா?

மருதாணி:

நீங்களா குறைக்க வேண்டாம். மூணு மருந்து சேர்ந்த மாத்திரையை உடைச்சா மத்த ரெண்டும் சேர்ந்துதான் குறையும், சிலது உடைக்கவே கூடாத மெதுவாக் கரையுற வகை. இந்த நாலு வரியை அப்படியே டாக்டர்கிட்ட காட்டுங்க. டிபனுக்கு அப்புறம் 221, நண்பகல்ல 66ங்கிறது மாத்திரை மொத்தமாப் பத்தலைங்கிற படம் இல்லை. 8.4ஐ மட்டும் பார்த்தா மாத்திரையைக் கூட்டத்தான் தோணும், அதனால 66ஐ முதல்ல சொல்லுங்க. அந்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம, நண்பகல் லோ வருதுன்னு நாளைக்கே போன்ல சொல்லிடுங்க.

அதுவரைக்கும் டிபனை அளவு மாறாம வெச்சுக்கோங்க. ஒரு நாள் நாலு, ஒரு நாள் ரெண்டுன்னா மாத்திரைக்குத் தெரியாது. இட்லி மூணாக்கி, சாம்பாரைக் கூட்டி, கூட ஒரு முட்டையோ சுண்டலோ. 11 மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல், மதியச் சாப்பாடு 1 மணியைத் தாண்ட வேண்டாம். மாத்திரை டிபன் தட்டு முன்னால வந்தப்புறம் முதல் வாயோட போகட்டும். எழுந்ததும் காபியோட போட்டா வோக்லிபோஸ் வீண். லோ வந்த நாள்ல குளுக்கோஸோட நிறுத்தாம உடனே சாப்பாடு கொடுத்து, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க. கிளிமிபிரைடு நாள் முழுக்க உடம்புல நிக்கும், திரும்ப இறக்கும்.

டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி மூணு நாள் மட்டும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாடி, அப்புறம், படுக்கும் முன்னாடின்னு ஒரு நாளைக்கு ஏழு பாருங்க. 21 ஸ்ட்ரிப் ஆகும், அந்த வார ஜோடிகளை விட்டுடலாம். ஃபெரிட்டின் ரிப்போர்ட்டும் அன்னிக்கே கையில இருக்கட்டும்.